முகராசி, கைராசி... ரகசியம் என்ன?

“எங்கப்பா முகங்குடுத்தே பேச மாட்டேங்காரு டாக்டர். சொத்தைப் பிரிச்சதுல இருந்து இப்படித்தான்!”

சில வருடங்களுக்கு முன்பு, சங்கரன்கோவிலில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு தம்பி இப்படித்தான் ஆரம்பித்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பஜாரில் சின்னதாக ஒரு கடை. பக்கத்தில் அவருடைய அப்பா. அறுபத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மடியில் வைத்த கைகள். (ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மலச்சிக்கல், தூக்கம் சரியில்லை, உடம்பெல்லாம் ஒரு இறுக்கம். இதற்குத்தான் மருந்து கேட்டு வந்திருந்தார்கள். ஆனால் மகன் சொன்னதெல்லாம் வேறு கதை.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி நான்தான் சொத்தைப் பிரிச்சுத் தரச் சொன்னேன். அன்னைக்குப் போன சிரிப்புதான். பேரப்பிள்ளை போய் மடியில உக்காந்தாக்கூட மூஞ்சியில ஒரு சிரிப்பு கெடையாது. எம் பொண்டாட்டி சோறு வச்சா முறைச்சுப் பாக்காரு. நானும் இப்பம் அவருகூட உக்காந்து சாப்பிடுததில்ல...”

பெரியவரைப் பார்த்தேன். மகன் சொன்னது சரிதான். முகம் கல்லாட்டம் இருந்தது. கண் இமைப்பதே அபூர்வம். கேட்ட கேள்விக்கெல்லாம் அடிக்குரலில் ஒற்றை வார்த்தை பதில். ‘மனுஷன் உள்ளுக்குள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறார்’ என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, தூக்கத்துக்கு ஒரு சூரணம். கூடவே இலவசமாக ஒரு உபதேசம்:

“பிள்ளைய மன்னிச்சிருங்கய்யா. மனசுல வச்சிக்கிட்டே இருந்தா உடம்பைத்தான் கெடுக்கும்.”

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். அன்றைக்குக் கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர் தெருவைத் தாண்டி வருவது தெரிந்தது. சின்னச் சின்ன எட்டாக வைத்து, தரையைத் தேய்த்தபடி நடை. இடது கை வீசிக்கொண்டு வருகிறது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றவே வெகுநேரம் ஆனது. எனக்குச் சுருக்கென்றது.

உள்ளே வந்ததும் ஒரு தாளைக் கொடுத்து, அவர் பெயரையும் ஊரையும் நாலு தடவை எழுதச் சொன்னேன். முதல் வரியே சின்ன எழுத்து. நாலாவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. “வீட்டுல ரசம் தாளிக்கிற வாசனை தெரியுதா?” என்று கேட்டேன்.

“அது தெரியாமப் போயி மூணு நாலு வருசமாச்சு” என்றார்.

கடைசியாக, “ஐயா, பேரனை நினைச்சுக்கிட்டுக் கொஞ்சம் சிரிங்க, பாப்போம்” என்றேன்.

அவர் என்னையே பார்த்தபடி சொன்னார்:

“சிரிச்சுக்கிட்டுத்தானய்யா இருக்கேன்...”

முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை!

அது கோபமே அல்ல

அந்தப் பெரியவருக்கு வந்திருந்தது நடுக்குவாதம். ஆங்கில வைத்தியத்தில் பார்க்கின்சன் நோய் என்பார்கள். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் அவர் பெயரே வந்துவிட்டது. மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் மெதுமெதுவாக அழிந்துபோவதால் உடம்பின் அசைவுகள் எல்லாம் மந்தமாகிவிடும். கை வீசுவது, எட்டி நடப்பது, எழுதுவது, சத்தமாகப் பேசுவது, ஏன், கண் இமைப்பதும் சிரிப்பதும்கூட அசைவுதானே? முகத்தின் தசைகள் இறுகி, முகமூடி போட்ட மாதிரி ஆகிவிடும். உள்ளே சந்தோஷம் இருக்கும், துக்கம் இருக்கும். முகத்துக்கு வந்து சேராது.

நடுக்கம் இருந்தால்தான் நடுக்குவாதம் என்று நினைக்காதீர்கள். சிலருக்கு ஆரம்பத்தில் நடுக்கமே இருக்காது. வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் பல வருடம் முன்கூட்டியே தலைகாட்டலாம்.

திருநெல்வேலிக்கு நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். அவரும் அதையே உறுதிசெய்தார். சீட்டைக் கொண்டுவந்து காட்டிய மகன், என் மேஜை முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். “ரெண்டு வருசம் எங்கப்பாகூட உக்காந்து ஒரு வாய் சோறு திங்கலியே சார்...”

நான் என்ன சமாதானம் சொல்வது? அந்த இரண்டு வருடத்தில் கடைசி இரண்டு மாதம் என் கணக்கில் அல்லவா வருகிறது! நோயைப் பார்க்க வேண்டிய நானே, ‘கோபக்காரர்’ என்று பட்டம் கட்டி, நோயாளிக்கு உபதேசம் செய்து அனுப்பியிருக்கிறேன்.

இன்றைக்கு ‘பாடி லாங்வேஜ்’ என்பது பெரிய சரக்காகிவிட்டது. கையைக் கட்டினால் திமிர், காலை ஆட்டினால் பயம், மூக்கைத் தொட்டால் பொய் என்று புத்தகத்திலும் செல்போன் வீடியோவிலும் அடுக்கடுக்காகச் சொல்லித் தருகிறார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு மாமியாரையும் மருமகளையும், மகனையும் மேலதிகாரியையும் எடைபோட ஆரம்பித்தால் என்ன ஆகும்? எனக்கு ஆனதுதான் ஆகும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எட்டில் ஒன்றைப் பார்த்தால் போதுமா?

நான் படித்தது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில். 1964-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே சேர்ந்த பிள்ளைகளுக்கு நாக்கு நுனியில் இருக்க வேண்டிய பாடம், எண்வகைத் தேர்வு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நோயாளியை இந்த எட்டாலும் சோதிக்க வேண்டும் என்பது சித்தர்கள் வகுத்த முறை.

எட்டையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பரிசம் என்றால் தொட்டு அறிவது: தோல் சூடா, குளிர்ச்சியா, வறட்சியா, வியர்வையா? நிறம்: முகம் வெளுத்திருக்கிறதா, மஞ்சள் பாய்ந்திருக்கிறதா? மொழி: குரல் எப்படி? வாத உடம்புக்கு நடுத்தரமான குரல், பித்த உடம்புக்கு உரத்த குரல், கப உடம்புக்குத் தாழ்ந்த குரல் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். விழி: கண்ணின் நிறம், ஒளி, ஈரம், பார்வை. ஆக, எட்டில் சரிபாதி, எதிரே இருக்கும் மனிதரை நிதானமாகப் பார்த்தும் கேட்டும் தொட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள்!

நாடி பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கப நாடிகளை உணர வேண்டும். அந்த நேரத்தில் வைத்தியன் பேசக்கூடாது, அவசரப்படக் கூடாது. கையைப் பிடித்ததுமே அது சில்லென்று இருக்கிறதா, நடுங்குகிறதா, வெடுக்கென்று இழுக்கப் பார்க்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். நோயாளிக்கும், ‘நமக்காக ஒருத்தர் சும்மா உட்கார்ந்து கவனிக்கிறார்’ என்ற தெம்பு வந்துவிடும்.

எட்டு என்று எதற்கு வைத்தார்கள்? ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான். (இன்றைக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஒன்பதாவது, பத்தாவது என்று சேர்ந்துகொள்ளட்டும். நான் அவற்றை விரோதியாக நினைப்பதில்லை.) பெரியவர் விஷயத்தில் நான் செய்த தப்பு இதுதான். முகம் ஒன்றைப் பார்த்தேன். மகன் சொன்ன கதையை அதன்மேல் ஒட்டவைத்தேன். நடையை, எழுத்தை, வாசனையைக் கேட்கவில்லை.

நம் தாத்தாக்களுக்குத் தெரியாததா?

உடம்பின் பேச்சை நம்மவர்கள் என்றோ கவனித்துவிட்டார்கள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே தனி இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். மெய் என்றால் உடம்பு. மனதில் இருப்பது உடம்பில் தோன்றுவதுதான் மெய்ப்பாடு.

திருக்குறளில் 133 அதிகாரங்கள். அவற்றில் ஒரே பெயரை இரண்டு முறை வாங்கிய அதிகாரம் எது தெரியுமா? குறிப்பறிதல்! பொருட்பாலில் 71-வது அதிகாரம், இன்பத்துப்பாலில் 110-வது அதிகாரம். அரசவையில் இருப்பவனுக்கும் அது வேண்டும். காதலிக்கிறவனுக்கும் அது வேண்டும் என்று வள்ளுவர் நினைத்திருக்கிறார். மேல்நாட்டில் சார்லஸ் டார்வின் மனித, மிருக உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படுவதைப் பற்றிப் புத்தகம் எழுதியது 1872-ல்தான்.

கண்ணைப் பார்க்காதவன் பொய்யனா?

“டாக்டர், எம் பையன் மார்க் விஷயத்துல பொய் சொல்லுதான். கண்ணைப் பாத்துப் பேச மாட்டேங்கான் பாருங்க!” என்று ஒரு அம்மா சொன்னார். பையன் தலையைக் குனிந்து நிற்கிறான். நான் கேட்டேன்: “ஏம்மா, நீங்க அவன் வயசுல உங்கப்பா கண்ணைப் பாத்தா பேசுனீங்க?” அந்த அம்மா சிரித்துவிட்டார்.

பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவது நம் ஊரில் மரியாதை. கூச்சத்திலும் கண் தாழும். பயத்திலும் தாழும். அழுகையை அடக்கும்போதும் தாழும். ஆனால் ‘பொய் சொல்பவன் கண்ணைப் பார்க்க மாட்டான்’ என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. 58 நாடுகளில் இதைக் கேட்டு ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். மற்ற எல்லாக் காரணங்களையும்விட அதிகம் பேர் சொன்னது கண்ணைத்தான்.

அதே 2006-ல் வந்த இன்னொரு ஆய்வு நம் தலைக்கனத்தை இறக்கிவைக்கிறது. ஆளைப் பார்த்தும் பேச்சைக் கேட்டும் பொய்யையும் நிஜத்தையும் பிரிக்க முடியுமா என்று நடந்த ஏராளமான சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 100-க்கு 54 தடவை. காசைச் சுண்டிவிட்டுப் ‘பூவா தலையா’ பார்த்தாலே 50 வந்துவிடுமே!

‘பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் முகமும்’ என்று ஆளுமை வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். கேட்டிருப்பீர்கள். 1967-ல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்க மனவியல் நிபுணர் செய்த சிறு சோதனைகளிலிருந்து வந்தது அந்தக் கணக்கு. ஒற்றை வார்த்தையை வேறு வேறு தொனியில் சொல்லி, முகப் படத்தைக் காட்டி, ‘பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா’ என்று மட்டும் கேட்ட சோதனை அது. எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். வார்த்தைக்கு ஏழே சதவீதம்தான் என்றால், நான் எழுதித் தரும் மருந்துச் சீட்டை யார் படிப்பது?

இன்னொன்று, நம்மூர் தலையாட்டல். ‘ஆமாம்’ என்றாலும் அதே ஆட்டல்; ‘பார்க்கலாம்’ என்றாலும் அதே ஆட்டல்; ‘கேட்டுக்கிட்டிருக்கேன், மேல சொல்லுங்க’ என்றாலும் அதே ஆட்டல்! சாப்பாட்டுக்கு முன்பு, வெந்நீரில் கலந்து, காலை ஒரு வேளை மட்டும் என்று நான் சொல்லச் சொல்ல நோயாளி தலையை ஆட்டுவார். வீட்டுக்குப் போய் மூன்று வேளை பாலில் சாப்பிடுவார். இப்போதெல்லாம் நான் தலையாட்டலை நம்புவதில்லை. “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். பாதி சண்டை குறையும்.

குணமா... நோயா?

ஒருவருடைய நடத்தை திடீரென்றோ கொஞ்சங் கொஞ்சமாகவோ மாறினால், ‘ஆள் மாறிட்டான்’ என்று சொல்வதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள்.

கத்திப் பேசுகிற கணவர்: எங்கள் ஊரில் விசைத்தறி அதிகம். தறி ஓடும் கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வாயசைவும் கைஜாடையும்தான் பாஷை. இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி மில் பெண்களும் அந்தக் காலத்தில் இப்படித்தான் வாயைப் பெரிதாக அசைத்துப் பேசினார்களாம். அதற்கு ‘மீ-மா’ என்று பெயரே வைத்திருந்தார்கள். தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் சத்தம் கேட்டால் காதின் உள்நரம்பு கெடும். தறிச் சத்தம் அதைத் தாண்டும். வருஷக்கணக்கில் வேலை பார்த்தவருக்கு மனைவி மெல்லிய குரலில் கூப்பிட்டால் கேட்காது. “கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு, பேசினா கத்துதாரு” என்று மனைவிக்குக் குறை. அவர் வாயையே உற்றுப் பார்க்கிறாரா, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கிறாரா, டிவி சத்தத்தைக் கூட்டுகிறாரா என்று கவனியுங்கள். காது டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சர்க்கரை நோயாளியின் திடீர் கோபம்: மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், சாப்பாடு தள்ளிப்போன நேரத்தில் எரிந்து விழுகிறார், வியர்க்கிறார், கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. இது பசிக் கோபம் மட்டுமல்ல, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

‘சோம்பேறி’ மருமகள்: முகம் உப்பி, குரல் கரகரத்து, எல்லா வேலையும் மெதுவாக... தைராய்டு குறைவாக இருக்கலாம். ரத்தசோகையாக இருக்கலாம். கீழ் இமையை இழுத்து நிறம் பாருங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் விடை கிடைத்துவிடும்.

எதிலும் ஒட்டாதவர்: பிடித்த பாட்டில்கூட மனம் ஒட்டாமல், பேச்சு குறைந்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிரித்துக்கொண்டே இதை மறைப்பவர்களும் உண்டு. மனநல டாக்டரிடம் போக வெட்கப்படாதீர்கள். 14416 என்ற அரசு உதவி எண்ணில் போனிலும் பேசலாம்.

காத்திருக்கக் கூடாத இரண்டு: மார்பின் நடுவே முஷ்டியை வைத்து “இங்கே அமுக்குது” என்று காட்டுகிறாரா? இதய வலியின் அறிகுறியாக சாமுவேல் லெவின் என்ற அமெரிக்க இதய நிபுணரின் பெயரால் சொல்லப்படும் சைகை இது. எல்லோரும் இப்படிக் காட்ட மாட்டார்கள். காட்டினால் ‘வாயு’ என்று பெருங்காயம் தேடாதீர்கள். அடுத்தது, சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. மூளைத் தாக்கமாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே 108. கஷாயம், எண்ணெய் எல்லாம் பிறகு.

ஜவுளிக்கடை அண்ணாச்சி

இனி நம் பக்கம் வருவோம். பிறரைப் படிப்பது இருக்கட்டும். நம்மைப் பார்த்ததும் நாலு பேருக்கு மனம் மலர வேண்டாமா? ‘அந்த டாக்டருக்குக் கைராசி’, ‘அந்தக் கடைக்காரருக்கு முகராசி’ என்கிறோமே, அது என்ன?

எனக்கு இதில் குரு ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. ஆடித்தபசு நேரம். கோமதி அம்மன் தபசுக் காட்சிக்கு வந்த கூட்டம் முழுக்கக் கடையில் நிற்கிறது. வயதான அம்மா ஒருத்தர், மகளோடு சேலை பார்க்கிறார். விலை கூடின சேலை ஒன்றின் மேல் அந்த அம்மா கை போகிறது, மகளின் முகத்தைப் பார்க்கிறார், கை தானாகத் திரும்பி வருகிறது. மறுபடி போகிறது, திரும்பி வருகிறது. “பாத்துட்டு வாரோம்” என்று எழுந்தார்கள்.

அண்ணாச்சி அந்தச் சேலையை எடுத்துப் புகழவில்லை. “எவ்வளவுக்குள்ள பாக்கீங்க?” என்று கூட்டத்தின் நடுவே கேட்கவும் இல்லை. எழுந்து போய், அதே அரக்கு நிறம், அதே மாதிரி கரை, பாதி விலையில் ஒரு சேலையைக் கொண்டுவந்து விரித்தார். “மதினி, இது துவைக்க லேசு. உங்களுக்குன்னே வந்தாப்ல இருக்கு” என்றார். அந்த அம்மா முகம் மலர்ந்தது. மகளின் முகம் அதைவிட மலர்ந்தது.

அவர் படித்தது கையின் அசைவை. ஆனால் படித்ததை வெளியே சொல்லி அவர்களைக் கூச வைக்கவில்லை. அவர்கள் கௌரவம் குறையாமல் ஒரு வழி காட்டினார். முகராசி என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். நம் எதிரே நிற்பவர், தன்னைத் தாழ்வாக உணராமல் திரும்பிப் போக வேண்டும்.

இரண்டு நிமிடம் வாயை மூடுங்கள்

டாக்டர்களைப் பற்றி 1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நோயாளி பேசத் தொடங்கியதும் டாக்டர் குறுக்கிட எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக எவ்வளவு? 18 விநாடி! விட்டுவிட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று எங்களுக்குப் பயம். 2002-ல் ஸ்விட்சர்லாந்து டாக்டர்கள் அதையும் சோதித்தார்கள். 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சராசரி 92 விநாடி. 100-க்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நானும் மேஜை மேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முயன்றேன். முதல் நாளில் நாக்கு துடித்தது போங்கள்! ஆனால் ஒரு வாரத்தில் ஒன்று புரிந்தது. முக்கியமான விஷயம் கடைசி அரை நிமிடத்தில்தான் வருகிறது. “அப்புறம் சார், சொல்லணுமான்னு தெரியல...” என்று ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் நோய் இருக்கும்.

பெரியவரிடமும் முதல் நாளே அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்திருந்தால்? மகன் பேசியதைத்தான் கேட்டேன். தாழ்ந்த குரலில், மெதுவாகப் பேசுகிறவருக்குக் காத்திருக்கவே இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். பள்ளிவிட்டு வரும் பிள்ளை, “அம்மா, இன்னைக்கு...” என்று ஆரம்பித்ததும், “டிபன் பாக்ஸை மிச்சம் வச்சியா?” என்று நாம் குறுக்கிடுகிறோம். பிள்ளை பத்து தடவை முயன்று பார்க்கும். பதினோராவது தடவை பேசாது. பிறகு ‘வயசுக்கு வந்ததும் பிள்ளை மனசைத் திறக்கவே மாட்டேங்கு’ என்று குறைப்பட்டு என்ன லாபம்?

வீட்டுக்கு ஏழு குறிப்புகள்

1. யாரையும் முதலில் ‘அவருடைய வழக்கம் என்ன’ என்று பாருங்கள். எப்போதும் காலை ஆட்டுபவர் ஆட்டினால் அதில் சேதி இல்லை. எப்போதும் கலகலப்பாக இருப்பவர் அடங்கிப் போனால் அதில்தான் சேதி.

2. ஓர் அடையாளத்தை நம்பாதீர்கள். முகம், குரல், நடை, சாப்பாடு, தூக்கம் என்று நாலைந்து சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

3. யோசித்ததைத் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். “ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?” என்பது தீர்ப்பு. “அலுப்பா இருக்கா? உடம்புக்கு என்னமும் செய்யுதா?” என்பது கேள்வி.

4. தனியாகக் கேளுங்கள். கணவர் முன்னால் மனைவி சொல்லாதது, மாமியார் முன்னால் மருமகள் சொல்லாதது ஏராளம். நான் நாடி பார்க்கும்போது, கூட வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

5. உட்கார்ந்து பேசுங்கள். வாசற்படியில் நின்றபடி, சாவியைக் கையில் ஆட்டியபடி விசாரித்தால் எதிராளிக்கு ‘இவர் புறப்படப் போகிறார்’ என்றுதான் படும். முதியோர், குழந்தைகள் என்றால் அவர்கள் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள்.

6. செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். குரலைக் கொஞ்சம் இறக்குங்கள். பெயர் சொல்லி, முறை சொல்லிக் கூப்பிடுங்கள். ‘சித்தப்பா’, ‘மதினி’ என்ற ஒரு சொல்லுக்கு உள்ள வசீகரம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

7. பிறருடைய நடையை, சிரிப்பை, பெரிய மனிதர் தோரணையைக் காப்பி அடிக்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு சுத்தமாகி, பசித்துச் சாப்பிட்டவன் முகத்தில் தானாக ஒரு களை வரும். வைத்தியன் சொல்லக்கூடிய வசிய மருந்து அது ஒன்றுதான்!

கடைசியாக...

பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நரம்பியல் டாக்டரின் மாத்திரையில் நடை கொஞ்சம் சீரானது. நடுக்குவாதத்துக்கு நம் முறையில் பேசப்படும் பூனைக்காலி விதையில், ஆங்கில மாத்திரையில் உள்ள அதே லெவோடோபா இருக்கிறது. 1937-லேயே இந்திய விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதனாலேயே சொல்கிறேன்: மாத்திரை சாப்பிடுபவர்கள் கடையில் வாங்கி இதையும் தாங்களாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அளவு மீறினால் வாந்தி, தலைசுற்றல், தானாக உடம்பு முறுக்குவது எல்லாம் வரும். அவருக்கு நான் கொடுத்தது மலச்சிக்கலுக்கு மருந்தும் சாப்பாட்டு யோசனையும்தான். கண்ணாடி முன் உட்கார்ந்து தினமும் சத்தமாக வாசிக்கவும், முகத்தை அசைத்துப் பழகவும் சொன்னேன்.

நோய் முழுதாகப் போகிற நோய் இல்லை. முகத்துக்குப் பழைய சிரிப்பும் திரும்பவில்லை.

போன முறை வந்தபோது மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேரன் தாத்தா மடியில். “இப்பம் எப்படி இருக்காரு?” என்றேன்.

“மத்தியானம் கடையைச் சாத்திட்டு வந்து அப்பாகூடத்தான் சாப்பிடுதேன் சார். மூஞ்சியப் பாக்குததை விட்டுட்டேன். சந்தோசமா இருந்தா என் கைய ஒரு அமுக்கு அமுக்குவாரு. நேத்து ரெண்டு தடவை அமுக்கினாரு” என்றார் மகன்.

பெரியவர் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிறார் என்று இந்தத் தடவை எனக்கும் தெரிந்தது.